உறங்கும் காலை ஆட்டுவிப்பது யார்?

“உங்கம்மா ராத்திரி முழுக்க ஒதைக்கிறா. பக்கத்துல மனுசன் படுக்க முடியல” என்று காலைப் பசியாறலின்போது அப்பா குறைபட்டுக்கொள்வார். “நானா? நான் படுத்தது தெரியும், விடிஞ்சது தெரியும்” என்று அம்மா மறுப்பார். இந்த வழக்கு எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் நடந்தது. தீர்ப்புத்தான் கிடைக்கவில்லை. கடைசியில் அப்பா தம் தலையணையை எடுத்துக்கொண்டு முன்கூடத்துக்குக் குடிபெயர்ந்தார். அம்மாவோ நன்றாகத் தூங்கியதாகச் சொல்லிக்கொண்டே, மதியம் பன்னிரண்டு மணிக்கெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிந்தார்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் உறக்கத்தைப் பற்றிய விரிவுரை ஒன்றைக் கேட்ட அன்றுதான், அப்பா சொன்னதும் மெய், அம்மா சொன்னதும் மெய் என்பது எனக்குப் புரிந்தது. உதைத்தது அம்மாவின் கால்தான். ஆனால் அம்மாவுக்கு அது தெரியாது. அப்படியானால் அந்தக் காலை உதைக்கச் சொன்னது யார்? மூளை சொல்லிக் கால் ஆடுகிறதா, அல்லது கால் ஆடுவதால் மூளை கலைகிறதா? கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடி வந்திருக்கிறது. அந்தத் தேடலைத்தான் என்னால் இயன்ற அளவு எளிய தமிழில் இங்கே சொல்ல முயல்கிறேன்.

உறக்கம் ஓய்வு மட்டுமா?

உறக்கத்தைச் சாவுக்கும் விழிப்பைப் பிறப்புக்கும் ஒப்பிட்டார் வள்ளுவர். நிலையாமையை உணர்த்துவதற்கு அது பொருத்தமான உவமை. ஆனால் உறங்குகிறவரின் தலையில் மின்வாய்களை ஒட்டிப் பார்த்தால், அங்கே சாவின் அமைதி சிறிதும் இல்லை. செர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் அதனை வெளியிட்டார். அதன் பிறகுதான் உறக்கம் என்பது ஒரே இருட்டு அன்று, பல படிகளைக் கொண்டது என்பது தெரியவந்தது. கண் செருகும்போது மூளையின் அலைகள் வேகம் குறைகின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் நொடிக்கு ஒன்றோ இரண்டோ என்ற கணக்கில் பெரிய, மெதுவான அலைகள் எழுந்து விழுகின்றன. பிறகு, ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை, மூடிய இமைகளுக்குள் விழிகள் அங்குமிங்கும் ஓட, மூளை விழித்திருப்பவரின் மூளையைப் போலவே சுறுசுறுப்படைகிறது. 1953-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்டு சொன்ன நிலை இது. நெடுங்கனவுகள் பெரும்பாலும் இந்நிலையில் தோன்றுவதால் இதனைக் கனவுறக்கம் என்றே இக்கட்டுரையில் அழைக்கிறேன்.

இந்தப் படிகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால், எந்தப் படியில் கால் அசைகிறது என்பதைப் பொறுத்து அதன் பொருளே மாறிவிடுகிறது.

முதலில், உறக்கத்தின் வாசற்படியில் வரும் அசைவு. மாடிப்படியில் கால் தவறியதைப் போல உடம்பு ஒருமுறை தூக்கிவாரிப்போடும், நாமும் விழித்துக்கொள்வோம். இது பெரும்பாலோர்க்கு எப்போதாவது நேர்வதுதான். தேர்வுக்கு முதல் நாள் மாமாக் கடையில் மூன்றாவது தே தாரிக்கை முடித்துவிட்டு வந்து படுக்கும் நம் விடுதி நண்பர்களுக்குச் சற்று அதிகமாகவே நேரலாம். தூக்கக் குறைவும் காப்பி, தேநீர் போன்றவையும் இதைக் கூட்டுகின்றன. அஞ்சத் தேவையில்லை.

அடுத்தது அவ்வளவு எளிதாகக் கடந்துபோகக் கூடியது அன்று. கனவுறக்கத்தின்போது மூளை எவ்வளவு விழிப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு உடலின் தசைகள் முடங்கிக் கிடக்கின்றன. மூளைத்தண்டிலிருந்து இறங்கும் கட்டளை, தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணுக்களின் வாயை அடைத்துவிடுகிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிற நாம் கட்டிலை விட்டே ஓடிவிடுவோம். பிரான்சின் லியோன் நகரில் ஆய்வு செய்த மிஷேல் ஜூவே, பூனைகளின் மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியைச் சிதைத்து இதனைக் காட்டினார். அப்பூனைகள் உறக்கத்திலேயே எழுந்து, இல்லாத இரையின் மேல் பாய்ந்தன. மனிதரிலும் இப்படி ஒரு நோய் உண்டு என்பதை 1986-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர மருத்துவர்கள் ஷெங்க்கும் மகோவால்டும் விவரித்தனர். கனவில் யாரோ துரத்துவதாகக் கண்டு அலறுவது, குத்துவது, உதைப்பது என்று இவர்கள் கனவை நடித்துக் காட்டுவார்கள். நடுவயதைக் கடந்த ஒருவருக்கு இது புதிதாகத் தொடங்கினால், “கெட்ட கனவு, திருநீறு பூசிப் படுக்கச் சொல்” என்று விட்டுவிடக் கூடாது. 2019-இல் வெளியான, பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து 1,280 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் கணக்குப்படி, இத்தகையோரில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு 12 ஆண்டுகளுக்குள் பார்க்கின்சன் நோயோ அதனோடு உறவுடைய மறதி நோயோ வரும் வாய்ப்பு இருந்தது. திருநீறும் பூசட்டும், நரம்பியல் மருத்துவரையும் பார்க்கட்டும்.

என் அம்மாவின் கதை இது இரண்டும் அன்று. அவர் அலறியதில்லை, கனவு கண்டதாகச் சொன்னதும் இல்லை. அவருடையது மூன்றாவது வகை.

கடிகாரம் பார்த்து உதைக்கும் கால்

ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம். நாற்காலியில் அமர்ந்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் வெளிப்பக்கத்தில் விரலை வையுங்கள். குதிகாலைத் தரையில் ஊன்றியபடி பாதத்தின் முன்பகுதியை மட்டும் மேலே தூக்குங்கள். விரலுக்கு அடியில் ஒரு தசை திரண்டு எழுவதை உணரலாம். உறக்க ஆய்வுக்கூடங்களில் காலுக்குரிய மின்வாயை ஒட்டுவது அந்தத் தசையின் மேல்தான்.

மூன்றாம் வகை அசைவில் நடப்பது, பெரும்பாலும், நீங்கள் இப்போது செய்ததுதான். பெருவிரல் மேல்நோக்கி நிமிர்கிறது, கணுக்கால் மடங்குகிறது, சில வேளை முழங்காலும் இடுப்பும் சேர்ந்து மடங்குகின்றன. போர்வைக்கு மேலிருந்து பார்ப்பவருக்கு அது உதை. ஓர் அசைவு அரை நொடி முதல் 10 நொடி வரை நீடிக்கும். பிறகு கால் அடங்கும். ஏறத்தாழ அரை நிமிடம் கழித்து மீண்டும் அதே அசைவு. பிறகு மீண்டும். கனவுறக்கமில்லாத படிகளில், அதுவும் இரவின் முற்பகுதியில், இது மிகுதியாக வரும். தசைகள் முடங்கிக் கிடக்கும் கனவுறக்கத்தில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

இதன் அடையாளமே அந்த ஒழுங்குதான். எப்போதோ ஒருமுறை வரும் உதையை மருத்துவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. குறைந்தது நான்கு அசைவுகள் தொடர்ச்சியாக வரவேண்டும். ஒன்றின் தொடக்கத்துக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளி 5 முதல் 90 நொடிக்குள் இருக்கவேண்டும் என்பது 2006-இல் வகுக்கப்பட்ட விதி. பெரும்பாலோர்க்கு இந்த இடைவெளி 20 முதல் 40 நொடி. மணிக்கு 15-க்கு மேற்பட்ட அசைவுகள் வந்தால் பெரியவர்களுக்கு அது மிகுதி என்று கொள்கிறார்கள். அரை நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 120. இரண்டு மணி நேரம் மட்டுமே நீடித்தாலும் 240 உதைகள். அப்பா பொறுமைசாலி என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகே எனக்குத் தெரிந்தது.

இலண்டன் நரம்பியல் மருத்துவர் சர் சார்லஸ் சைமண்ட்ஸ் 1953-இல் இரவு நேரத் தசைத் துடிப்பு என்று இத்தகைய அசைவுகளுக்குப் பெயர் கொடுத்து எழுதினார். 1960-களில் இத்தாலியின் பொலோன்யா நகரில் எலியோ லுகரேசியும் அவருடைய தோழர்களும் ஒரு படி மேலே சென்று, மூளையின் அலையையும் காலின் தசையையும் ஒரே தாளில், இரவு முழுதும், ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதிவு செய்தனர். இரண்டு கோடுகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்த பிறகுதான் நம் கேள்வியை ஒழுங்காகக் கேட்கவே முடிந்தது.

காலா, மூளையா?

அந்தத் தாளைப் பார்க்கும் எவரும் முதலில் காலைத்தான் குற்றவாளி என்பர். தசையின் கோட்டில் ஒரு துள்ளல். உடனே மேலே மூளையின் கோட்டில் சில நொடிகளுக்கு வேகமான அலைகள். உறங்கும் மூளை ஒரு கணம் விழிப்பின் விளிம்புக்கு வந்து திரும்புகிறது. அந்தக் கணம் நினைவில் பதியும் அளவுக்கு நீண்டது அன்று. ஆகவேதான் அம்மா “படுத்தது தெரியும், விடிஞ்சது தெரியும்” என்றார். கால் உதைக்கிறது, மூளை கலைகிறது, உறக்கம் கிழிந்து கந்தலாகிறது, பகலில் களைப்பு வருகிறது. எனவே காலை அடக்கினால் எல்லாம் சரியாகிவிடும். பல ஆண்டுகள் மருத்துவம் இந்த நம்பிக்கையில்தான் நடந்தது. இன்றும் பலர் இப்படியே விளக்குகிறார்கள்.

ஆனால் கோடுகளை இன்னும் நுணுக்கமாக அளந்தபோது இந்த விளக்கம் ஆட்டம் கண்டது. 2004-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு, உதைக்கு முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு நொடியையும் பிரித்துப் பார்த்தது. கால் அசைவதற்குச் சில நொடிகள் முன்னதாகவே இதயத் துடிப்பு ஏறத் தொடங்கியிருந்தது. மூளையின் மெதுவான அலைகளும் முன்னதாகவே பெருகியிருந்தன. அதன் பிறகுதான் கால் அசைந்தது. வேகமான அலைகள் அதனையொட்டி வந்தன. முதல் தாளில் நம் கண்ணில் பட்டவை அந்த வேகமான அலைகள் மட்டுமே. கதவு தட்டும் ஓசை கேட்டு வீட்டுக்காரர் எழுந்தார் என்று நினைத்தோம். பார்த்தால், ஓசைக்கு முன்பே அவர் புரண்டு படுத்திருக்கிறார்.

அப்படியானால் மூளைதான் காலை ஆட்டுவிக்கிறதா? அங்கேயும் ஒரு தடை. விபத்தில் தண்டுவடம் முற்றாகத் துண்டிக்கப்பட்டவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய மூளையிலிருந்து ஒரு கட்டளையும் காலை அடைய வழியில்லை. ஆனாலும் அவர்களுள் சிலருக்கு உறக்கத்தில் அதே பாணியில், அதே இடைவெளிகளில், கால்கள் அசைவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூளையின் அலைகளில் அதற்கேற்ற மாற்றம் இல்லை. மேலே உள்ளவர் தொடர்பு அறுந்து கிடக்க, கீழே உள்ளவர் தாமாகவே தாளம் போடுகிறார்!

இந்தத் தாளம் தண்டுவடத்துக்குப் புதியதும் அன்று. கைக்குழந்தையின் உள்ளங்காலை வருடினால் பெருவிரல் மேல்நோக்கி விரியும். பெரியவர்களுக்கு அப்படி விரிந்தால், மூளையிலிருந்து இறங்கும் பாதையில் பழுது என்று பொருள். 1896-இல் இதனை விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் பபின்ஸ்கியின் பெயரால் இன்றும் எல்லா மருத்துவமனைகளிலும் இந்தச் சோதனை நடக்கிறது. உறக்கத்தில் வரும் நம் உதையும் ஏறக்குறைய அதே வடிவம்தான்: விரல் நிமிர்தல், கணுக்கால் மடங்குதல், முழங்கால் மடங்குதல். முள் குத்தினால் காலை இழுத்துக்கொள்ளும் அனிச்சைச் செயலின் உறவு அது. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, இத்தகையோரின் பாதத்தில் சிறு மின்தூண்டல் கொடுத்துப் பார்த்து, அவர்களுடைய தண்டுவடம் இயல்புக்கு மீறி எளிதில் கிளர்ச்சியடைகிறது என்றும், உறங்கும்போது அது மேலும் கூடுகிறது என்றும் காட்டியது. பகலில் மூளை இழுத்துப் பிடித்திருக்கும் கடிவாளம் இரவில் தளர்கிறது என்று கொள்ளலாம்.

ஆக, காலை மட்டும் குற்றவாளி என்றாலும் பொருந்தவில்லை. மூளையை மட்டும் என்றாலும் பொருந்தவில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க உதவியவை மருந்துகள். கனடாவின் மொன்ரியால் நகரைச் சேர்ந்த ஜாக் மொன்பிளேசீரும் குழுவினரும் 1996-இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். எல்-டோபா என்னும் மருந்தைக் கொடுத்ததும் கால்கள் அடங்கிவிட்டன. ஆனால் மூளையின் அலைகள் மட்டும் முன்போலவே, தாளம் தவறாமல், இடைவிட்டு இடைவிட்டுக் கலைந்துகொண்டிருந்தன. கால்தான் மூளையை எழுப்புகிறது என்றால், கால் அடங்கிய பின் மூளையும் அடங்கியிருக்க வேண்டுமே!

2012-இல் மௌரோ மான்கோனியும் அவருடைய குழுவினரும் இதை இன்னும் தெளிவாகச் செய்து காட்டினர். பிரமிபெக்சோல் என்னும் மருந்து கால் அசைவுகளைக் குறைத்தது, மூளையின் சலசலப்பைக் குறைக்கவில்லை. குளோனாசெப்பாம் என்னும் மருந்து நேர்மாறாக மூளையின் சலசலப்பைக் குறைத்தது, கால் அசைவுகளைக் குறைக்கவில்லை. ஒன்றை நிறுத்தியும் மற்றொன்று நிற்கவில்லை என்றால், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது?

பினாங்குத் துறைமுகப் பக்கம் போயிருப்பவர்கள் கரையோரம் கட்டிக் கிடக்கும் சம்பான்களைப் பார்த்திருப்பார்கள். ஒரு சம்பான் எழும்போது பக்கத்துச் சம்பானும் எழுகிறது. முதல் சம்பான் இரண்டாவதைத் தூக்கவில்லை. இரண்டையும் தூக்குவது அடியில் வரும் அலை. உறங்கும் மூளையிலும் அப்படி ஓர் அலை உண்டு. இத்தாலியின் பார்மா நகர ஆய்வாளர் மாரியோ தெர்சானோ 1985-இல் இதனை விவரித்தார். கனவில்லா உறக்கத்தில் மூளை ஒரே ஆழத்தில் கிடப்பதில்லை. ஏறத்தாழ 20 முதல் 40 நொடிக்கு ஒருமுறை சற்று மேலெழுந்து, மீண்டும் கீழிறங்குகிறது. உடல்நலத்தோடு இருப்பவர்க்கும் இது உண்டு. இதயம், மூச்சு, இரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் இந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து ஆடுகின்றன. உதையின் இடைவெளியும் அதே 20 முதல் 40 நொடி என்பதைக் கவனியுங்கள். தண்டுவடம் இயல்பாக இருப்பவர்க்கு இந்த அலை வந்து போவது காலில் தெரிவதில்லை. தண்டுவடம் எளிதில் கிளர்ச்சியடையக்கூடியவர்க்கு ஒவ்வோர் அலையும் ஓர் உதையாக வெளிப்படுகிறது.

இதனால் உதையே தீங்கற்றது என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வோர் உதையோடும் மேல் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அளவுக்குக் கூட ஏறி இறங்குவது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. இரவுதோறும் இருநூறு முந்நூறு முறை இப்படி ஏறி இறங்குவது இதயத்தை நாளடைவில் பாதிக்குமா என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது. ஆனால் உதைக்கும் எல்லாருக்கும் மருந்து கொடுப்பதும் தவறு. முதியவர்கள் பலருக்கு இந்த அசைவுகள் இருக்கின்றன. அவர்கள் எந்தக் குறையுமின்றி எழுந்து, எந்தக் களைப்புமின்றிக் கோவிலுக்குப் போய்வருகிறார்கள். தாளில் தெரிவதற்கெல்லாம் மருத்துவம் பார்க்கத் தேவையில்லை.

இரும்பும் டோபமினும்

தண்டுவடத்தின் கிளர்ச்சியை அடக்கிவைப்பது எது? மூளையின் நடு ஆழத்தில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் சிறு கூட்டம் ஒன்று, தண்டுவடத்தின் அடிவரை தன் இழைகளை அனுப்புகிறது. அடக்கும் வேலையில் அதற்குப் பங்குண்டு என்று கருதுகிறார்கள். டோபமினைச் செய்வதற்கு ஒரு நொதி தேவை. அந்த நொதி வேலை செய்ய இரும்பு தேவை. 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் காந்த அதிர்வுப் படங்களின் துணையால், கால் அமைதியின்மை நோய் உள்ளவர்களின் மூளையில் டோபமின் சுரக்கும் பகுதியொன்றில் இரும்பு குறைந்திருப்பதைக் காட்டினார்கள். 2007-இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் இந்தக் கால் அசைவுகளோடு தொடர்புடைய ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டறிந்தனர். அந்த மாற்றத்தை உடையவர்களின் இரத்தத்தில் இரும்பின் சேமிப்பும் குறைவாக இருந்தது. காலிலிருந்து புறப்பட்ட விசாரணை இப்படிக் கடைசியில் இரும்பில் வந்து நின்றது.

கால் அமைதியின்மை நோய் என்று சற்றுமுன் குறிப்பிட்டேனே, அது இந்த உதையின் பகல் நேர உடன்பிறப்பு. சுவீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல் ஆக்சல் எக்போம் 1945-இல் அதற்குப் பெயரிட்டு ஒரு நூலே எழுதினார். மாலை சாய்ந்து, ஓய்வாக உட்கார்ந்தாலோ படுத்தாலோ காலுக்குள் ஏதோ ஊர்வது போல, குடைவது போல இருக்கும். ஆட்டாமல் இருக்க முடியாது. எழுந்து நடந்தால் குறையும். உட்கார்ந்தால் மீண்டும் வரும். இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு உறக்கத்தில் அந்தத் தாள உதையும் உண்டு. ஆனால் உதை உள்ள எல்லாருக்கும் இந்நோய் இருப்பதில்லை.

இங்கேதான் நம் தமிழ்மொழிக் கழகத்துக்கும் இந்தக் கட்டுரைக்கும் உறவு வருகிறது. உறக்கத்தில் வரும் உதையை மின்வாய் காட்டிக்கொடுக்கும். விழித்திருக்கும்போது வரும் இந்த உணர்வை எந்தக் கருவியும் காட்டாது. நோயாளி தம் வாயால் சொன்னால்தான் உண்டு. 2001-இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வொன்று, அங்கே இந்நோய் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இருப்பதாகக் கூறியது. மேலைநாட்டுக் கணக்குகளோ நூற்றுக்கு ஐந்துக்கும் மேல் என்கின்றன. இந்த வேறுபாட்டுக்கு மரபணு ஒரு காரணமாக இருக்கலாம். கேட்ட மொழியும் சொன்ன மொழியும் ஒரு காரணமாக இருக்குமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. அதற்குக் காரணம் என் அம்மாதான்.

விரிவுரையைக் கேட்டுவிட்டு விடுமுறைக்கு வீடு திரும்பியபோது அம்மாவை உற்றுக் கவனித்தேன். இரவு நாடகத்தை அவர் நின்றுகொண்டே பார்த்தார். அதுவும் துணி தேய்த்துக்கொண்டு. சிறுவயதிலிருந்து நான் பார்த்துவரும் காட்சிதான் அது. ஓயாத உழைப்பாளி என்று பெருமைப்பட்டிருக்கிறேன். “ஏம்மா உட்காரக் கூடாது?” என்று கேட்டேன். “உட்கார்ந்தா கால் குடையுது கண்ணு. உள்ள எறும்பு ஓடுற மாதிரி. நடந்தா தேவல” என்றார். எக்போம் ஒரு நூலில் எழுதியதை அம்மா மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இதை ஏன் மருத்துவரிடம் சொல்லவில்லை? சொல்லியிருக்கிறார். மருந்தகத்து டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கோ கடைத்தெரு மலாய்தான். குடைச்சல், உளைச்சல், கடுப்பு, மதமதப்பு என்று நம் மொழியில் காலுக்கு மட்டும் இத்தனை சொற்கள் இருக்க, அவர் கைவசம் இருந்த மலாய்ச் சொல் ஒன்றே ஒன்றுதான். “காக்கி சாக்கிட்” என்றார். கால் வலி. வலி மாத்திரை கொடுத்தார்கள். கேட்காமல் கொடுத்தார்கள் என்று குறை சொல்ல முடியவில்லை. வலி என்று சொன்னவருக்கு வலி மாத்திரைதானே கொடுப்பார்கள்? அது கேட்கவில்லை என்றதும், தூக்கம் வரட்டுமென்று சளி மாத்திரையை வாங்கி விழுங்கத் தொடங்கியிருக்கிறார் அம்மா. தூக்கம் வரவைக்கும் பழைய வகைச் சளி, ஒவ்வாமை மாத்திரைகள் இந்தக் குடைச்சலையும் உதையையும் கூட்டக்கூடியவை. மனச்சோர்வுக்கும் வாந்திக்கும் கொடுக்கும் சில மருந்துகளும் அப்படித்தான். அப்பா கூடத்துக்குக் குடிபெயர்ந்த காலமும் அம்மா சளி மாத்திரையைத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய ஒன்று என்பதைப் பிறகு கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

அடுத்த முறை நானும் உடன் சென்றேன். வலி இல்லை, ஆட்டத் தூண்டும் உணர்வு. மாலையில் கூடும், நடந்தால் குறையும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரத்தத்தில் பெரிட்டின் அளவைப் பார்க்கச் சொன்னார். பெரிட்டின் என்பது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம். சோகை இல்லை, இரத்தம் நன்றாக இருக்கிறது என்று முன்பு சொன்ன அதே அம்மாவுக்குப் பெரிட்டின் 18 என்று வந்தது. சேமிப்புக் குறைந்தும் இரத்தச் சிவப்பணுக்கள் சிலகாலம் சமாளித்துக்கொள்ளும் என்பதால் இப்படி நேர்வதுண்டு. இந்நோய் உள்ளவர்க்குப் பெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழ் இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்பது 2018-இல் பன்னாட்டு வல்லுநர் குழு தந்த பரிந்துரை. பொதுவான ஆய்வுக்கூட அறிக்கையில் 40, 50 எல்லாம் இயல்பு என்றே அச்சிடப்பட்டிருக்கும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதினார். உணவோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொன்னார். தேநீர், உணவில் உள்ள இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். சளி மாத்திரையை விட்டுவிடச் சொன்னார். மாத்திரையை விடுவது எளிதாக இருந்தது. தேநீரை விடுவதற்கு அம்மா பட்ட பாட்டை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் நேரே கடைக்குப் போய் இரும்பு மாத்திரை வாங்கிவிட வேண்டாம். நம் நாட்டில் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் ஏராளம். உடலில் இரும்பு மிகுந்தால் அதுவும் நஞ்சு. முதலில் இரத்தச் சோதனை. மற்றொன்று: டோபமினைப் போல வேலை செய்யும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் 2000-களின் நடுவில் இந்நோய்க்கு அங்கீகாரம் பெற்று மிகப் பரவலாகக் கொடுக்கப்பட்டன. தொடக்கத்தில் அற்புதமாக வேலை செய்யும் இவை, ஆண்டுகள் செல்லச் செல்லப் பலருக்கு நோயையே முற்றச் செய்தன. மாலையில் வந்த குடைச்சல் நண்பகலிலேயே வரத் தொடங்கியது. 2025-இல் வெளியான அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் வழிகாட்டி இவற்றை வழக்கமான மருந்தாகத் தரவேண்டாம் என்கிறது. இரும்புக்கும் வேறு வகை மருந்துகளுக்கும் முன்னிடம் தருகிறது. இவற்றை உட்கொண்டுவரும் உறவினர் யாரேனும் இருந்தால், தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள்.

அம்மாவின் குடைச்சல் மூன்று நான்கு மாதங்களில் வெகுவாகக் குறைந்தது. உதை முற்றாக நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. அதைச் சொல்லவேண்டிய சாட்சி இன்னமும் கூடத்தில்தான் படுக்கிறார். அங்கே காற்று நன்றாக வருகிறதாம்.

தொட்டிலில் இருக்கும் கால்

இந்த விடுமுறையில் அக்கா தன் கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஸ்பிரிங் தொட்டிலில் உறங்கும் குழந்தையின் கால்விரல்கள் துடிக்கின்றன, கை சுண்டுகிறது, உதடு கோணி ஒரு சிரிப்பு வந்து மறைகிறது. இது உதையும் அன்று, நோயும் அன்று. பிறந்த குழந்தை தன் உறக்கத்தில் ஏறத்தாழப் பாதியைக் கனவுறக்கத்தின் முன்வடிவமான ஒரு நிலையில் கழிக்கிறது. துடிப்புகள் வருவது அப்போதுதான். கனவின் சிதறல் என்றுதான் இவற்றை நெடுங்காலம் ஒதுக்கிவைத்திருந்தார்கள்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் மார்க் புளும்பெர்க்கின் ஆய்வுக்கூடம் எலிக்குஞ்சுகளின் உறக்கத்தைப் பல்லாண்டுகள் கவனித்து வேறொன்றைக் கண்டது. உறக்கத்தில் கால் துடித்ததும் அந்தத் துடிப்பின் செய்தி தண்டுவடம் ஏறி மூளைக்குச் செல்கிறது. உணர்வும் இயக்கமும் சார்ந்த மூளைப்பகுதி விழித்தெழுந்து அதனைக் கேட்கிறது. அதே குஞ்சு விழித்திருந்து காலை ஆட்டும்போது மூளை அவ்வாறு கேட்பதில்லை. தானே ஆட்டியது என்பதால் அச்செய்தியை வழியிலேயே தடுத்துவிடுகிறது. அமைதியான உறக்கத்தில் ஒரு விரல் மட்டும் தனியே துடிக்கும்போதுதான், இது என் விரல், இது இங்கே இருக்கிறது என்று மூளை தன் உடம்பின் வரைபடத்தைக் கோடு கோடாக வரைந்துகொள்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். பெரியவர்களிடம் ஆட்டுவிப்பது யார் என்று இவ்வளவு நேரம் தேடினோம். இங்கே கால் ஆடுகிறது. மூளை உட்கார்ந்து பாடம் படிக்கிறது.

இதையெல்லாம் தொட்டிலருகே நின்று அக்காவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து வந்த அம்மா குழந்தையை எட்டிப் பார்த்தார். “நரி வெரட்டுது. சத்தம் போடாம இருங்க” என்று சொல்லிவிட்டு, தொட்டிலை ஒருமுறை இழுத்துவிட்டுப் போனார்.